டேட்டாபேஸ் மாற்றங்களை லைவ்-ஆகப் பார்க்க ஒரு கமாண்ட் போதும்... அதை அப்படியே மறந்துவிட்டால் என்ன ஆகும்?

"ஆர்டர் டேபிள்ல எது மாறினாலும் அடுத்த செகண்டே எங்களுக்குத் தெரியணும்."

ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு மீட்டிங்கில் கேட்டிருப்பார்கள். கேட்பது மோசடிகளைக் கண்காணிக்கும் டீமாக இருக்கலாம். சர்ச் பண்ணினால் இன்னும் பழைய விலையே வருகிறது என்று புலம்பும் ப்ராடக்ட் மேனேஜராகவும் இருக்கலாம்.

முதலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் போய், 'கடைசியா நான் வந்துட்டுப் போன பிறகு எந்தெந்த ரெக்கார்ட் மாறியிருக்கு?' என்று டேட்டாபேஸிடம் விசாரிக்கும். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். பிறகு ஒவ்வொன்றாகப் புகார் வரும். டெலீட் செய்யப்பட்ட ரெக்கார்டைப் பற்றி அந்த ஸ்கிரிப்டுக்குத் தெரியவே தெரியாது, இல்லாத ஒன்றை எப்படி விசாரிப்பது? ஒரு ஆர்டர் 'பெண்டிங்'கில் இருந்து 'பெய்டு' ஆகி, அதே நிமிடத்துக்குள் 'கேன்சல்' ஆகிவிட்டால், நடுவில் பணம் வந்துபோன கதையே பதிவாகாது. யாராவது நேரடியாக டேபிளில் கைவைத்து, 'கடைசியாக மாறிய நேரம்' என்ற காலத்தை மட்டும் மாற்றாமல் விட்டால் அதுவும் தப்பிவிடும்.

இத்தனைக்கும், இந்த விவரங்கள் எல்லாமே டேட்டாபேஸிடம் ஏற்கனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதை வாசித்துக் காட்டும் சின்ன டூல் ஒன்றும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுடன் இலவசமாகவே வருகிறது. பெயர் 'பிஜி ரிசீவ் லாஜிக்கல்'. டைப் செய்யும்போது பிஜி-க்குப் பிறகு ஒரு அண்டர்ஸ்கோர் போட வேண்டும். ரிசீவ் என்பதை ஆர்-இ-சி-வி என்று சுருக்கி, லாஜிக்கலோடு ஒட்டி எழுத வேண்டும். கட்டணமோ லைசென்ஸோ கிடையாது. ஆனால் அதைப் போட்டுவிட்டு மறந்தவர்களின் புரொடக்ஷன் சர்வர் திங்கட்கிழமை காலையில் கீழே விழுந்து கிடக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குறிப்பேடு முதலில், பேரேடு பிறகு

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பரிவர்த்தனை நடந்தால் முதலில் குறிப்பேட்டில் தேதி வாரியாக எழுதுவோம். பிறகுதான் அந்தந்தக் கணக்குக்கான பேரேட்டுக்கு எடுத்து எழுதுவோம். பேரேட்டில் ஏதாவது அடித்தல் திருத்தலாகிவிட்டால், குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸும் இதையேதான் செய்கிறது. நாம் பார்க்கும் டேபிள்கள் பேரேடு மாதிரி. அவற்றில் கைவைப்பதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவிடும். அதன் பெயர் 'ரைட் அஹெட் லாக்', சுருக்கமாக வால். (இதைத் தமிழ் 'வால்' என்றே படித்தாலும் பெரிய தப்பில்லை. நீண்டுகொண்டே போகக்கூடியதுதான் இதுவும்.) திடீரென்று கரண்ட் போய் சர்வர் அணைந்தாலும், மறுபடி எழும்போது இந்தக் குறிப்பேட்டைப் படித்துத்தான் டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தில் இருந்து வளர்ந்ததுதான் போஸ்ட்கிரெஸ். இந்தக் குறிப்பேட்டு வசதி 2001-ல் வெளியான 7.1 வெர்ஷனில் வந்தது. சாதாரண அமைப்பில் ஒவ்வொன்றும் 16 எம்பி கொண்ட ஃபைல்களாக எழுதப்படும். வேலை முடிந்த பழைய ஃபைல்களை டேட்டாபேஸே அழித்துவிடும், அல்லது பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இந்த 'பழையதை அழித்தல்' என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்னை எல்லாம் அங்கேதான் வரப்போகிறது.

குறிப்பேடு இருக்கிறது, சரி. படிக்க முடியுமா என்றால், ரொம்ப காலம் முடியாது. 'இந்த ஃபைலின் இந்த பிளாக்கில் இத்தனை பைட்டுகளை மாற்று' என்கிற இயந்திர மொழியில்தான் அது இருக்கும். 'ஆர்டர் எண் 108 பெய்டு ஆனது' என்று எங்கேயும் எழுதியிருக்காது. அந்த இயந்திரக் குறிப்பை ரெக்கார்ட் வாரியான தகவலாகத் திருப்பித் தரும் வசதி 2014 டிசம்பரில் வெளியான 9.4 வெர்ஷனில்தான் வந்தது. அதற்குப் பெயர் 'லாஜிக்கல் டிகோடிங்'. நம்முடைய கமாண்ட்-லைன் டூலும் அதே வெர்ஷனில்தான் அறிமுகமானது.

போட்டுப் பார்க்கலாமா?

புரொடக்ஷனில் வேண்டாம், முதலில் உங்கள் லேப்டாப்பில்.

போஸ்ட்கிரெஸ் செட்டிங்கில் 'வால் லெவல்' என்று ஒன்று இருக்கும். 10-வது வெர்ஷனில் இருந்து அதன் வழக்கமான மதிப்பு 'ரெப்ளிகா'. அதை 'லாஜிக்கல்' என்று மாற்ற வேண்டும். இதற்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்பதால், ஆபீஸ் சர்வரில் நினைத்த நேரத்தில் செய்துவிட முடியாது. அமேசான் ஆர்டிஎஸ் போன்ற கிளவுட் சேவைகளில் இதற்கென்று தனி பாராமீட்டர் இருக்கிறது. அங்கேயும் ரீபூட் உண்டு.

அடுத்து, டூலை 'கிரியேட் ஸ்லாட்' என்ற ஆப்ஷனுடன் ஓட்ட வேண்டும். கூடவே எந்த டேட்டாபேஸ், ஸ்லாட்டுக்கு என்ன பெயர் என்ற இரண்டையும் கொடுக்க வேண்டும். 'டெஸ்ட்_ஸ்லாட்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஸ்லாட் என்பது குறிப்பேட்டில் வைக்கும் புக்மார்க் மாதிரி. 'இந்தப் பக்கம் வரைக்கும் நான் படிச்சுட்டேன்' என்ற அடையாளம். இந்த கமாண்ட் சில சமயம் பதிலே சொல்லாமல் அப்படியே நிற்கும். டூல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். யாரோ ஒருவர் எதையோ மாற்றிவிட்டு, இன்னும் கமிட் செய்யாமல் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்படிப்பட்ட டிரான்ஸாக்ஷன்கள் முடியும் வரை, 'இங்கிருந்துதான் தொடக்கம்' என்று ஸ்லாட்டால் சுத்தமாகக் கோடு போட முடியாது.

ஸ்லாட் ரெடி. இப்போது அதே டூலை 'ஸ்டார்ட்' ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். எந்த ஃபைலில் எழுத வேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு ஹைஃபன் போட்டால், திரையிலேயே காட்டும். இன்னொரு விண்டோவைத் திறந்து ஆர்டர் 108-ஐ 'பெய்டு' என்று மாற்றிவிட்டு, முதல் விண்டோவைப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி மூன்று வரி வந்திருக்கும்:

பிகின் 745
டேபிள் பப்ளிக்.ஆர்டர்ஸ்: அப்டேட்: ஐடி[இன்டீஜர்]:108 ஸ்டேட்டஸ்[டெக்ஸ்ட்]:'பெய்டு'
கமிட் 745

முதல் முறை பார்க்கும்போது கிரிக்கெட் மேட்ச்சின் பால்-பை-பால் கமென்ட்ரி பார்ப்பது போல இருக்கும். 745 என்பது அந்த டிரான்ஸாக்ஷனின் எண். ஒரு டிரான்ஸாக்ஷனை ஆரம்பித்து, பாதியில் 'ரோல்பேக்' செய்து பாருங்கள். திரையில் ஒன்றும் வராது. கமிட் ஆனவை மட்டும், கமிட் ஆன வரிசையிலேயே வரும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும் ஸ்கிரிப்டால் இந்த வரிசையைத் தரவே முடியாது.

நிறுத்த கன்ட்ரோல்-சி. நடுவில் நெட்வொர்க் போனால் 5 விநாடி இடைவெளியில் டூல் தானாகவே மறுபடி முயற்சி செய்யும். நீங்கள் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தாலும், அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து கொட்டும். எப்படி? அதற்குப் பிறகு வருகிறேன்.

மேலே பார்த்த வடிவம் 'டெஸ்ட் டிகோடிங்' என்ற பிளக்-இன் தருவது. எதுவும் சொல்லாவிட்டால் டூல் இதைத்தான் எடுத்துக்கொள்ளும். பெயரிலேயே இருப்பது போல, இது சோதனைக்குத்தான். ஜேசான் வடிவில் வேண்டும் என்றால் 'வால்-டு-ஜேசான்' என்ற பிளக்-இன்னைத் தனியாக இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். 2017-ல் வந்த 10-வது வெர்ஷனில் 'பிஜி அவுட்புட்' என்ற பிளக்-இன் உள்ளேயே சேர்க்கப்பட்டது. அது மனிதர்கள் படிப்பதற்கானது இல்லை.

எதிர்பார்த்தது வராத இடங்கள்

ஆர்வத்தில் ஒரு ரெக்கார்டை டெலீட் செய்து பார்த்தால் முதல் ஏமாற்றம் வரும். பழைய விவரங்கள் எல்லாம் வராது, பிரைமரி கீ மட்டும்தான் வரும். '108 போயிடுச்சு' அவ்வளவுதான். யாருடைய ஆர்டர், எவ்வளவு தொகை என்று தெரியாது. அந்த டேபிளுக்குப் பிரைமரி கீயே இல்லை என்றால் இன்னும் மோசம், 'டேட்டா இல்லை' என்று மட்டும் சொல்லும். பழைய விவரமும் வேண்டும் என்றால், டேபிளின் 'ரெப்ளிகா ஐடென்டிட்டி' என்ற அமைப்பை 'ஃபுல்' என்று மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் குறிப்பேட்டில் எழுதும் அளவும் கூடும்.

ஒரு காலம் பெரியதாக இருந்து, அதை நீங்கள் தொடாமல் வேறு காலத்தை மட்டும் மாற்றினால், பெரிய காலத்தின் இடத்தில் 'மாறாத டோஸ்ட்' என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். (சாப்பிடும் டோஸ்ட் இல்லை. பெரிய மதிப்புகளைத் தனியாக வைக்கும் போஸ்ட்கிரெஸ் ஏற்பாட்டின் பெயர் அது.) அதை நிஜ மதிப்பு என்று நினைத்து அப்படியே காப்பி செய்தால், பொருட்களின் விவரணை எல்லாம் காலியாகிவிடும்.

டேபிளில் புதிதாக ஒரு காலம் சேர்த்தால் அந்தச் செய்தியே வராது. ரெக்கார்ட் மாற்றங்கள் மட்டும்தான் வரும், டேபிளின் அமைப்பு மாற்றங்கள் வராது. ஸ்லாட் உருவாவதற்கு முன்பே இருந்த பழைய டேட்டாவும் வராது. அதைத் தனியாகக் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை செக்யூரிட்டி டீம் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த டூலை ஓட்ட 'ரெப்ளிகேஷன்' அனுமதி உள்ள யூசர் வேண்டும். அந்த அனுமதி கிடைத்துவிட்டால், அந்த டேபிளைப் பார்க்கலாம், இந்த டேபிளைப் பார்க்கக் கூடாது என்ற வழக்கமான கட்டுப்பாடுகள் இங்கே செல்லாது. டெஸ்ட் டிகோடிங்கில் அந்த டேட்டாபேஸின் எல்லா டேபிள் மாற்றங்களும் வந்து விழும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் வரும், முகவரியும் வரும். ஃபைலில் எழுதச் சொல்லியிருந்தால், அந்த ஃபைல் யார் கண்ணில் படும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஸ்லாட் என்பது டேட்டாபேஸ் கொடுக்கும் வாக்கு

டூலை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் விட்ட இடத்தில் இருந்து எப்படித் தொடர்கிறது என்ற கேள்வி இருந்தது இல்லையா? காரணம் ஸ்லாட்தான். அது டூலுக்குள் இல்லை, சர்வருக்குள் இருக்கிறது. நீங்கள் லேப்டாப்பை மூடினாலும் அது இருக்கும். டேட்டாபேஸ் கிராஷ் ஆகி எழுந்தாலும் இருக்கும். 'இந்தப் பக்கத்துக்குப் பிறகு உள்ளதை நீ வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும் வரை கிழிக்க மாட்டேன்' என்று டேட்டாபேஸ் கொடுத்த வாக்கு அது.

டூல் ஓடிக்கொண்டிருக்கும்போது 10 விநாடிக்கு ஒருமுறை, 'இது வரை வந்து சேர்ந்தது' என்று சர்வருக்குத் தகவல் சொல்லும். சர்வர் அதுவரைக்குமான பக்கங்களை நிம்மதியாக அழிக்கும். நீங்கள் டூலை மட்டும் நிறுத்திவிட்டு ஸ்லாட்டை நீக்காமல் போனால்? தகவல் வராது. வாக்கு அப்படியே இருக்கும். பக்கங்கள் சேரும்.

எவ்வளவு சேரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சர்வர் நிமிடத்துக்கு இரண்டு குறிப்பேட்டு ஃபைல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 எம்பி, பெரிய அளவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு 'டெஸ்ட் முடிஞ்சிடுச்சு' என்று கன்ட்ரோல்-சி அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு 63 மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு 1,920 எம்பி. மொத்தம் சுமார் 120 ஜிபி. சர்வரில் 100 ஜிபிதான் காலியாக இருந்தது என்றால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு தூங்கிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நிரம்பியிருக்கும்.

டிஸ்க் நிரம்பினால், குறிப்பேட்டில் எழுத முடியாது. குறிப்பேட்டில் எழுதாமல் பேரேட்டைத் தொடக் கூடாது என்பதுதானே விதி? அதனால் போஸ்ட்கிரெஸ் 'பேனிக்' என்று அலறிவிட்டு மொத்தமாக நின்றுவிடும். ஆர்டர் எடுக்காது, லாகின் ஆகாது. யாருமே படிக்காத ஒரு டெஸ்ட் ஸ்லாட்டுக்கு வாக்கு கொடுத்ததற்காக, நிஜ வாடிக்கையாளர்கள் வெளியே நிற்பார்கள்.

டிஸ்க் பெரியதாக இருந்து அது நிரம்பாவிட்டாலும், மறக்கப்பட்ட ஸ்லாட் சும்மா இருக்காது. பழைய குறிப்புகளைப் புரிந்துகொள்ள அன்றைய டேபிள் அமைப்பு தெரிய வேண்டும் என்பதால், சிஸ்டம் கேட்டலாக்கில் உள்ள பழைய ரெக்கார்டுகளை 'வேக்யூம்' சுத்தம் செய்யவும் விடாது. மாதக்கணக்கில் போனால், டிரான்ஸாக்ஷன் எண்கள் தீர்ந்துவிடக் கூடாதே என்று டேட்டாபேஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் நிலை வரைக்கும் போகலாம் என்று போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ ஆவணமே எச்சரிக்கிறது.

டிஸ்க் நிரம்பிய பதற்றத்தில் சிலர் செய்யும் காரியம் இதைவிட ஆபத்து. 'லாக் ஃபைல்தானே' என்று குறிப்பேட்டு ஃபோல்டரைக் கையாலேயே டெலீட் செய்வது. அந்த ஃபோல்டருக்கு முன்பு 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயர். பெயரில் 'லாக்' இருந்ததால் தேவையில்லாத ஃபைல் என்று நினைத்து அழித்தவர்கள் ஏராளம். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 10-வது வெர்ஷனில் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். ஒரு சாஃப்ட்வேரில் ஃபோல்டர் பெயரை மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் டேட்டாவைத் தொலைத்துவிட்டு வந்து நின்றிருப்பார்கள்!

வாக்கே கொடுக்காமல் இருந்தால்? கிட்லாப் கதை

இவ்வளவு ஆபத்து என்றால் ஸ்லாட் எதற்கு, வழக்கம்போல பழைய பக்கத்தை அழித்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். அப்படி அழித்ததில் தொடங்கிய ஒரு சம்பவமும் இருக்கிறது.

2017 ஜனவரி 31. கோடிங் செய்பவர்கள் பயன்படுத்தும் கிட்லாப் தளத்தில் டேட்டாபேஸுக்குத் திடீரென்று சுமை கூடியது. பிரைமரி சர்வரைப் பின்தொடர்ந்து காப்பி எடுத்துக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர் பின்தங்கியது. அது கேட்பதற்குள், அதற்குத் தேவையான குறிப்பேட்டு ஃபைல்களைப் பிரைமரி அழித்துவிட்டது. வேறு இடத்தில் அவற்றைச் சேமித்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஆக, இரண்டாவது சர்வரின் டேட்டாவைக் காலி செய்துவிட்டு, முதலில் இருந்து மொத்தமாகக் காப்பி எடுப்பதுதான் வழி.

இரவு நேரம், காப்பி எடுக்கும் கமாண்ட் சரியாக ஓடாமல் நின்றது. ஃபோல்டர் முழுசாகக் காலியாகவில்லையோ என்று நினைத்து ஒரு இன்ஜினியர் டெலீட் கமாண்டைக் கொடுத்தார். கொடுத்த இடம் இரண்டாவது சர்வர் இல்லை, பிரைமரி. ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போயிருந்தது.

பேக்கப்புகள் பலவும் வேலை செய்யவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் லைவ்-ஆகவே ஒளிபரப்பினார்கள். ஏறக்குறைய 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கமென்ட்டுகள், 700 புதிய யூசர் கணக்குகள் தொடர்பான டேட்டா போனதாக அந்நிறுவனமே பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் சொன்னது.

அங்கே நடந்தது சர்வரை அப்படியே நகல் எடுக்கும் 'ஃபிசிக்கல்' ரெப்ளிகேஷன், நாம் பேசும் லாஜிக்கல் வகை இல்லை. பழியை முழுக்கக் குறிப்பேட்டின் மேல் போடவும் முடியாது. பேக்கப்பைச் சோதிக்காதது, களைப்பு, ஒரே மாதிரி இருந்த இரண்டு விண்டோ என்று பல காரணங்கள். ஆனால் அந்த இரவின் சங்கிலியில் ஆரம்ப வளையம், கேட்பவர் வருவதற்குள் பக்கம் கிழிக்கப்பட்டதுதான்.

ஆக, இது யாரைக் காப்பாற்றுவது என்ற தேர்வு. கேட்பவர் காணாமல் போனால் பக்கத்தைக் கிழிக்கலாம்; கேட்பவர் பாதிக்கப்படுவார். கிழிக்காமல் காத்திருக்கலாம், டேட்டாபேஸே பாதிக்கப்படலாம். மைஎஸ்க்யூஎல் இதில் முதல் வழியில் போகிறது. அதன் குறிப்பேடான 'பின்லாக்' 8.0 வெர்ஷனின் வழக்கமான அமைப்பில் 30 நாள் வைத்திருக்கப்படும், பிறகு யார் படித்தார்கள், படிக்கவில்லை என்று பார்க்காமல் அழிக்கப்படும். போஸ்ட்கிரெஸ் ஸ்லாட் இரண்டாவது வழி. எனக்கு இதில் போஸ்ட்கிரெஸின் நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நேர்மைக்கு எல்லை வைக்காமல் புரொடக்ஷனில் விடுவது சரியில்லை என்றும் நினைக்கிறேன்.

எல்லை வைப்பது எப்படி?

9.4-ல் ஸ்லாட் வந்தபோது இதற்கு வழியே இல்லை. 2020-ல் வந்த 13-வது வெர்ஷனில்தான் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்ற செட்டிங் சேர்ந்தது. 50 ஜிபி என்று அதில் சொல்லிவிட்டால், ஒரு ஸ்லாட்டுக்காக அதற்கு மேல் டேட்டாபேஸ் சுமக்காது. எல்லை தாண்டினால் வாக்கு ரத்து. அந்த ஸ்லாட் செல்லாததாகிவிடும், படித்துக்கொண்டிருந்தவர் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இதன் வழக்கமான மதிப்பு மைனஸ் 1, அதாவது எல்லையே இல்லை. நீங்களாகப் போய் மாற்றாதவரை 2014-ல் இருந்த அதே ஆபத்துதான்.

2025-ல் வந்த 18-வது வெர்ஷனில் நேரத்தை வைத்தும் எல்லை போடலாம். இத்தனை நாளாக யாருமே வந்து படிக்காத ஸ்லாட்டை ரத்து செய் என்று சொல்லும் செட்டிங் அது. இதுவும் வழக்கமாக ஆஃப் செய்யப்பட்டேதான் வருகிறது.

எவ்வளவு எல்லை வைப்பது? டிஸ்க்கில் எவ்வளவு காலி என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், 'வெள்ளி இரவு படிக்கிற சர்வீஸ் நின்றால், யார் எப்போது பார்ப்பார்கள்?' என்று டீமில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வார இறுதியில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால், மேலே போட்ட 63 மணி நேரக் கணக்கை உங்கள் சர்வரின் வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

'வந்து சேர்ந்தது' என்றால் எங்கே வந்து சேர்ந்தது?

டூல் சர்வரிடம் சொல்லும் 'வந்து சேர்ந்தது' என்ற அந்தச் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபைலில் எழுதச் சொன்னால், உண்மையிலேயே டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அப்படிச் சொல்லும். ஆனால் பலரும் செய்வது, வெளியீட்டை பைப் போட்டு நேராக இன்னொரு ஸ்கிரிப்டுக்கு அனுப்புவது. பைப்புக்குள் ஊற்றியதோடு டூலின் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிடித்ததா, நடுவில் கிராஷ் ஆகிவிட்டதா என்பது டூலுக்குத் தெரியாது. 'வாங்கிக்கிட்டோம்' என்று சர்வரிடம் சொல்லிவிடும். சர்வரும் பக்கத்தைக் கிழித்துவிடும். போனது போனதுதான்.

இதற்கு நேர்மாறாக, ஒரே மாற்றம் இரண்டு முறை வருவதும் நடக்கும். புக்மார்க் எங்கே இருக்கிறது என்பதை டேட்டாபேஸ் ஒவ்வொரு விநாடியும் டிஸ்க்கில் எழுதுவதில்லை. நடுவில் கிராஷ் ஆனால், புக்மார்க் கொஞ்சம் பின்னால் போய் நிற்கலாம். அப்போது ஏற்கனவே வந்தவை மறுபடி வரும். வாங்கும் பக்கம், 'இந்தப் பக்க எண் வரை ஏற்கனவே பார்த்தாச்சு' என்று சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு 'உங்கள் பணம் வந்தது' என்று எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்டில் இதை யோசிக்காவிட்டால், ஒரே பேமென்ட்டுக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகும்.

இதையெல்லாம் நாமே கையால் கட்டுவது கஷ்டம் என்பதால்தான், பெரிய நிறுவனங்கள் டெபீசியம் போன்ற சாஃப்ட்வேரை வைத்து, மாற்றங்களை காஃப்காவுக்கு அனுப்புகின்றன. கமாண்ட்-லைன் டூல், டீபக் செய்யவும், என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளவும், சின்ன அளவிலான வேலைகளுக்கும் ரொம்பவே வசதி. ஆனால் டெபீசியமும் அடியில் இதே ஸ்லாட்டைத்தான் உருவாக்குகிறது. கிளவுடுக்கு டேட்டாபேஸை மாற்ற உதவும் அமேசானின் டிஎம்எஸ் சேவையும் அப்படியே. எனவே இந்த கமாண்டை வாழ்நாளில் அடித்ததே இல்லை என்றாலும், உங்கள் சர்வரில் ஸ்லாட் இருக்கலாம். மைக்ரேஷன் முடிந்து, கேக் வெட்டி, அந்த டீம் கலைந்தும் போயிருக்கும். ஸ்லாட் மட்டும் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்றே பார்க்க வேண்டியது

'பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்' என்று ஒரு வியூ இருக்கிறது. அதை ஒரு செலக்ட் அடித்துப் பாருங்கள். 'ஆக்டிவ்' என்ற காலத்தில் 'ஃபால்ஸ்' என்று இருந்தால், இப்போது யாரும் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 'ரீஸ்டார்ட் எல்எஸ்என்' என்பது, எந்தப் பக்கத்தில் இருந்து டேட்டாபேஸ் பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டும். தற்போதைய பக்கத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை பைட் கணக்கில் சொல்ல ஃபங்ஷன் உண்டு. 13-க்கு மேற்பட்ட வெர்ஷன் என்றால் 'வால் ஸ்டேட்டஸ்' என்ற காலத்தையும் பாருங்கள். 'லாஸ்ட்' என்று இருந்தால் அந்த ஸ்லாட்டுக்கான பக்கங்கள் ஏற்கனவே போய்விட்டன.

படிக்காமல் கிடக்கும் ஸ்லாட்டைக் கண்டதும் நீக்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் முன்பு ரீஸ்டார்ட் ஆகப் போன சர்வீஸின் ஸ்லாட்டாக அது இருக்கலாம். நீக்கிவிட்டால் அந்த சர்வீஸ் விட்ட இடத்தில் இருந்து தொடரவே முடியாது. பெயரைப் பார்த்து, யாருடையது என்று டீமில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'புதுசு' என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பதில் தெரியாது. டீம் பெயர், தேதி இரண்டையும் சேர்த்து வைத்தால் கேட்கும் வேலை பாதியாகக் குறையும். சின்ன எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மட்டும்தான் ஸ்லாட் பெயரில் அனுமதி.

லேப்டாப்பில் இப்போது போட்டுப் பார்த்தவர்கள், முதலில் கன்ட்ரோல்-சி அடித்து டூலை நிறுத்துங்கள். யாராவது படித்துக்கொண்டிருக்கும் ஸ்லாட்டை நீக்க போஸ்ட்கிரெஸ் விடாது, 'ஆக்டிவ்-ஆக இருக்கிறது' என்று எரர் காட்டும். பிறகு அதே டூலை 'டிராப் ஸ்லாட்' ஆப்ஷனுடன், அதே ஸ்லாட் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். திரையில் எந்தச் செய்தியும் வராமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால், ஸ்லாட் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் அந்த வியூவை இன்னொரு முறை பாருங்கள்.